மூன்றாம் நாள் நெருப்பு

நிலையத்தில் அவளை நேரில் அக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பம்பரம் என்பார்கள். அவள் உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் கோப்பை இருந்தால் இன்னொரு கைக்கு வேறு வேலை இருக்கும். மண்வெட்டிக் காம்பு ஆடுகிறதா என்று பார்ப்பாள். தண்ணீர் வண்டியின் குழாயை அவிழ்த்து மறுபடி சுற்றுவாள். யாரோ கழற்றிப் போட்ட பூட்ஸை ஜோடி சேர்த்து வைப்பாள். அவள் கணவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், அசைந்து கொடுக்காத மனிதர். "நாற்காலி உன்னை என்ன பண்ணுச்சு? கடிச்சு வெச்சுதா?" என்று அவர் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டார்.

காட்டுத்தீ தடுப்பு நிலையத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. அதில் பன்னிரண்டு வருடம் அணித்தலைவி. நகரம் மலைச்சரிவு வரை ஏறி வந்துவிட்டதால், கோடை முற்றுவதற்கு முன்பே சரிவுகளில் கிடக்கும் சருகையும் புதரையும் இவர்களே பார்த்து எரித்துவிடுவார்கள். பின்னால் பெருந்தீ வந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கக் கூடாது. சுற்றிலும் தடுப்புக்கோடு வெட்டி, காற்றுப் பார்த்து, எண்ணெய் டார்ச்சால் வரிசையாகப் பற்றவைத்து, எரிந்து முடிந்ததும் அணைத்து, அதன்பிறகு மூன்று நாள் காவல் இருப்பார்கள். எந்த நாள் எரிக்கலாம், எந்த நாள் கூடாது என்பதை அவள்தான் சொல்வாள். ஒரு பிடி சருகை அள்ளிக் காதருகே வைத்துக் கசக்குவாள். "இன்னிக்கு வேணாம், கெளம்புங்க" என்பாள். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

நகரத்தின் மறுகோடியில் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கிருந்து நான்கு வருடமாக தினமும் காலையில் நிலையத்துக்கு ஒரு நிறம் வரும். பச்சை என்றால் எரிக்கலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. நிலையத்தில் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. இவ்வளவு பாடுபட்டு அனுப்புவதை ஒருவரும் பார்ப்பதில்லையே என்று மையத்துக்காரர்களுக்கு மனத்தாங்கல். புகை மூக்கில் ஏறாதவன் நமக்கு நாள் குறிப்பதா என்று இவர்களுக்கு இளக்காரம். கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மையத்து ஆய்வாளர் ஒருவர் ஒரு பருவம் முழுக்க அணியோடு இருப்பார். இரண்டு தரப்பும் உட்கார்ந்து அந்த நிறத்தைச் சரிசெய்ய வேண்டும்.

உட்கார்ந்து என்ற வார்த்தையைப் படித்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பெட்டி நிறைய மூடிபோட்ட சிறு டப்பாக்கள், ஒரு சின்னத் தராசு. சருகை எடைபோடுவான், மையத்து அடுப்பில் ஒரு நாள் முழுக்கக் காயவைப்பான், மறுபடி எடைபோடுவான். குறைந்தது எவ்வளவோ அவ்வளவு ஈரம். மூன்றாம் நாளே அணி அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டது.

"மேடம், எரிக்கலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"மேடம்னா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லுங்க."

"சரிக்கா. எப்படி முடிவு பண்றீங்க?"

அவள் சருகைக் கசக்கிக் காட்டினாள். "இந்தச் சத்தம்."

"என்ன சத்தம்?"

"கேட்டீங்கல்ல? அதுதான்."

அவன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்தான். "அப்ப ஒண்ணு பண்ணலாம். தினமும் காலையில நீங்க கையில எடுத்து எவ்வளவு ஈரம்னு ஒரு எண்ணு சொல்லுங்க. அதே சருகை நான் அடுப்புல வெக்கறேன். யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்போம்."

நாற்பது காலைகள் அப்படிப் போயின. வெயில் விழும் சரிவுகளில் அவள் சொன்ன எண்ணுக்கும் அடுப்பு சொன்ன எண்ணுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். தராசு மையத்துக்குப் போன்போட்டு, "நம்ம கருவியைவிட அந்தக் கை சரியா இருக்கு" என்று சொன்னதை டிரைவர் அண்ணன் ஒட்டுக்கேட்டு வந்து ஊதிப் பெருக்கினார். அணிக்கு ஒரே கொண்டாட்டம். அவளுக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் இருந்தது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. டார்ச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான், புகையில் இருமிக்கொண்டே கோடு வெட்டினான், அவள் நடக்கும் வேகத்துக்கு ஓடிவந்தான். அவனுடைய சட்டையில் மடிப்பு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் மதியம் நிலையத்து மேசைமேல் அவன் ஒரு பட்டியலை விரித்தான். பதினைந்து வருடத்தில் இந்த நிலையம் செய்த எரிப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் கைமீறிப் போனவை ஏழு. ஒவ்வொன்றும் எந்த இடம், எத்தனை நாள் முன்னால் மழை, என்ன காற்று என்று எழுதியிருந்தது.

"இதை வெச்சுத்தான்க்கா நிறத்தையே முடிவு பண்றோம். பாருங்க, நிழல் விழற பள்ளங்கள்ல, சின்ன மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள்ல எரிச்சா ஒண்ணுகூட கைமீறலை. அதனால அந்த மாதிரி நாளுக்கு இனிமே பச்சை கொடுக்கப் போறோம். ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்புக்கு மேல ஒரு பள்ளம் இருக்கில்ல? அடுத்த வாரம் தூறல் வருதாம். தூறல் நின்னதும் எரிச்சிடலாம்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். அவள் விரல் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வரியில் போய் நின்றது. கிழக்குச் சரிவு, நிழல் பள்ளம், இரண்டு நாள் முன்னால் தூறல். கடைசிக் கட்டத்தில் 'பாதுகாப்பாக முடிந்தது' என்று இருந்தது.

"வண்டிக்குத் தண்ணி ரொப்பணும்" என்று சொல்லி எழுந்து வெளியே போனாள். வண்டி காலையிலேயே ரொம்பியிருந்தது.

அந்த வரி பொய். அவள் சொன்ன பொய்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தை எரித்தவள் அவள்தான். எரிப்பு நன்றாகவே முடிந்தது. மறுநாள் காவல். காவல் என்றால் சும்மா சுற்றிவருவது இல்லை. மண்டியிட்டு, சாம்பலைக் கிளறி, கையுறையைக் கழற்றிப் புறங்கையை ஒவ்வொரு குழியிலும் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தென்னை உயரத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவளுக்குப் பிடிக்காத வேலை. இரண்டு மணி நேரம் தவழ்ந்தாள். இருப்புக்கொள்ளவில்லை. எரியாமல் மிஞ்சிய மேல்சருகு நனைந்து கிடந்தது, இதில் என்ன இருக்கப்போகிறது என்று எழுந்துவிட்டாள். மீதிப் பள்ளத்தை மேலே நின்று கண்ணால் பார்த்தாள். படிவத்தில் 'முழுவதும் சோதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, ஆள் போதவில்லை என்றோ சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை. சும்மா எழுந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம் காற்று வந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து தீ எழுந்து சரிவில் இறங்கியது. நான்கு வீடுகள் போயின. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் மாட்டிக்கொண்டிருக்க, இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் பழுக்கக் காய்ந்திருக்க, அணியிலேயே சின்னவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துத் திறந்தான். சுருட்டை முடிக்காக அவனைச் சுருள் என்பார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அவன் கைகள் பழையபடி ஆகவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதன்பிறகு அவனுக்கு வயர்லெஸ் அறையில் வேலை.

விசாரணையில் அவளை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "பள்ளத்தை முழுசா சோதிச்சீங்களா?" அவள் ஆமாம் என்றாள். அப்படியானால் எவனோ வழிப்போக்கன் போட்ட சிகரெட்டாகத்தான் இருக்கும் என்று எழுதி மூடிவிட்டார்கள். எரிப்பு ஒரு ஏட்டிலும், தீ இன்னொரு ஏட்டிலும் போயிற்று. இரண்டும் ஒன்று என்று அறிந்தவள் அவள் ஒருத்தி.

அன்றிலிருந்துதான் அவள் பம்பரமானாள் என்று சொன்னால் அது சரியாகாது. அதற்கு முன்பும் அவளுக்குக் கால் தரையில் பாவாது. முன்பெல்லாம் சும்மா நின்றால் அவளுக்கு அலுக்கும். அந்தத் தீக்குப் பிறகு நின்றால் அந்தப் பொய் பக்கத்தில் வந்துவிடும்.

தூறல் வருவதற்கு முந்தைய நாட்களில் அவள் வீட்டிலும் ஒரு நிலையில் இல்லை. சுத்தமாக இருந்த அலமாரியைத் துடைத்தாள். வெளியூரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்தாள். கணவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "என்னன்னு கேக்கமாட்டேன். ஆனா சொன்னா கேப்பேன்" என்றார். அவள் சொன்னாள், நின்றுகொண்டே. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஆபீசருக்குச் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பையனுக்குச் சொல்லிடு. அவன் வேற யார் வாயிலயோ கேக்கக்கூடாது" என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் வயர்லெஸ் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். சுருள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சரியாக மடங்கும் மூன்று விரலால் எழுதிக்கொண்டிருந்தான். முடி முன்னால் கொட்டிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

"வாங்கக்கா. என்ன, வழி தவறி என் மாளிகைக்கு வந்துட்டீங்க?"

"அந்தத் தீ சிகரெட்டால வந்தது இல்லைடா தம்பி."

அவன் கருவியைக் கழற்றினான். அவள் பூசி மெழுகாமல் சொன்னாள். இரண்டு மணி நேரம் தவழ்ந்தது, எழுந்தது, மேலே நின்று பார்த்தது, கையெழுத்து, விசாரணையில் ஆமாம் என்றது. சொல்லும்போது அந்த அறையில் நடக்க இடமில்லை. நாலடிக்கு ஆறடி. சுவரோடு ஒட்டி நின்றாள்.

சுருள் தன் கைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

"ஒன்பது வருஷம்க்கா," என்றான். "பஸ்ல எவனாவது சிகரெட்டைப் புடிச்சுக்கிட்டு ஏற வந்தா, இவனா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு மூஞ்சி மூஞ்சியா பாத்திருக்கேன். ஒருத்தனை அடிக்கவே போயிட்டேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"என் கல்யாணத்துல முதல் வரிசையில உக்காந்திருந்தீங்க."

அவள் தலையாட்டினாள்.

"இப்ப போங்கக்கா," என்றான். "நான் ஏதாவது சொல்லிடறதுக்கு முன்னாடி போங்க."

போனாள். அன்று மாலை நிலைய அதிகாரியிடமும் சொன்னாள், தராசையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதிகாரி கெட்டவர் அல்ல. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. "ஏம்மா, ஒன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. இன்னும் எட்டு மாசம் இருந்திருக்கக் கூடாதா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, விசாரணையை மறுபடி திறக்க எழுதினார். அது முடியும்வரை அவளுக்கு அணித்தலைமை கிடையாது. அணியில் ஒருத்தியாக வேலை செய்யலாம்.

தராசு அதைவிட வேறொன்றில் மூழ்கியிருந்தான். "அக்கா, அப்ப என் பட்டியல் தப்பு. நான் பச்சை கொடுக்கப் போன அதே மாதிரி நாள், அதே மாதிரி பள்ளம்."

"தப்பு உங்களுது இல்லை."

"யாருதா இருந்தா என்ன? கீழ குடியிருப்பு இருக்கே!"

தூறல் வந்து போன மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கு மேலிருந்த பள்ளத்தில் இறங்கினார்கள். அவன் வழக்கப்படி மூன்று விரல் ஆழத்தில் சருகை எடுத்து டப்பாவில் போட்டான். அவள் மண்டியிட்டு முழங்கை வரை கையை விட்டாள். மேலே சொதசொதவென்று இருந்தது. அடியில், பல வருடச் சருகு மக்கி மெத்தையாகக் கிடந்த இடத்தில், கைக்கு மூக்குப்பொடி மாதிரி வந்தது.

"இங்க எடுங்க தம்பி."

மறுநாள் அடுப்பு அதையே சொன்னது. மேல் டப்பாவில் பாதிக்குப் பாதி தண்ணீர். அடி டப்பாவில் ஒன்றுமில்லை. இத்தனை காலம் அவன் தராசும் மேலேதான் நிறுத்தது, அவள் காதும் மேலேதான் கேட்டது. தீ அடியில் நுழைந்து, புகைகூட விடாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்து, மூன்றாம் நாள் காற்றுக்குக் காத்திருக்கும். பச்சை அன்றைக்கே ரத்தானது.

பச்சை ரத்தான நான்காம் நாள் சுருள் அவளைத் தேடி வண்டிக் கொட்டகைக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அந்தத் தீயைப் பட்டியல்ல சேத்துக்கச் சொல்லுங்க," என்றான். "ஆனா என் கையைப் படம் புடிச்சு சுவத்துல போட்டுக் காட்டினாங்கன்னா, மிச்ச விரலாலயே அந்த மெஷினை உடைச்சுருவேன்."

"போட விடமாட்டேன்."

"உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லைடா."

"நல்லது." அவன் திரும்பி இரண்டடி நடந்து நின்றான். "குடியிருப்புல என் அண்ணி இருக்காங்க. ஒழுங்கா பாருங்க."

ஆறு வாரம் கழித்து, நல்ல மழையில் அடிவரை நனைந்து மேல்சருகு காய்ந்த பிறகு பள்ளம் எரிக்கப்பட்டது. அவள் ஆறாவது ஆளாக வரிசையில் நின்றாள். கோடு எங்கே வெட்டுவது என்று சொன்னது வேறொருத்தி. மூன்று நாள் காவலுக்கு அவளே கேட்டுப் போனாள். மண்டியிட்டாள். ஒவ்வொரு குழியாகப் புறங்கையை வைத்தாள். அரை மணியில் உடம்பு முழுவதும் எறும்பு ஊர்வது போலிருந்தது. எழுந்து ஒரு சுற்று நடந்துவந்தால் தேவலை என்று கால் கெஞ்சியது. எழவில்லை. தராசு வெப்பம் காட்டும் கேமராவோடு பின்னால் வந்தான். கேமரா ஒரு வேரடிச் சூட்டைக் கண்டுபிடித்தது, அவள் தாண்டிப்போன இடத்தில். அவள் கை ஒரு சூட்டைக் கண்டுபிடித்தது, கேமராவில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த இடத்தில். இரண்டையும் தோண்டித் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் நாள் மட்டும் பதினோரு மணி நேரம். முழங்கால் தோல் வழண்டுவிட்டது.

பருவம் முடிந்ததும் மையத்துக் கூடத்தில் கூட்டம். ஒன்பது நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் முன் வரிசைகளில், அணிக்காரர்கள் பின்சுவரை ஒட்டி, கைகட்டிக்கொண்டு. தராசு தன் படங்களைக் காட்டிவிட்டு, "இதை அவங்களே சொன்னாதான் சரி" என்று ஒலிவாங்கியை நீட்டினான். மேடையில் போட்டிருந்த நாற்காலியை அவள் நகர்த்தி ஓரமாக வைத்தாள். இடமும் வலமுமாக நடந்துகொண்டே சொன்னாள். ஒலிவாங்கியின் கம்பி காலில் சுற்றிக்கொண்டது, யாரும் சிரிக்கவில்லை.

முடித்ததும் குனிந்து கம்பியைக் காலிலிருந்து அவிழ்த்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்கு வியர்த்தது. பின்சுவரிலிருந்து தொப்பையும் நரைமீசையுமாக ஓர் அணித்தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க பக்கமும் ஒண்ணு இருக்கு," என்றார். "ஏட்டுல மின்னல்னு போட்டிருக்கோம். அன்னிக்கு வானத்துல மேகமே கிடையாது."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர் எழுந்தார். முன் வரிசை ஆய்வாளர்கள் நாற்காலியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. அன்று மொத்தம் பதினொன்று வெளியே வந்தன. அதில் ஏழு, நிழல் பள்ளம். பேர் போடாமல் உண்மையைச் சொல்ல ஒரு படிவம் வேண்டும் என்று மீசைக்காரர்தான் கேட்டார். அடுத்த பருவத்திலிருந்து அது வந்தது. நிறம் போடும் கணக்கையும் அடியிலிருந்து மாற்றினார்கள். இப்போது நிலையத்தில் காலையில் நிறம் வந்ததா என்று கேட்கிறார்கள்.

விசாரணை ஒன்றரை வருடம் இழுத்தது. அவளுக்குத் தண்டனை, தலைமைப் பதவி நிரந்தரமாகப் போனது. வேலை போகவில்லை. மையம் அவளை வாரம் இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டது. அங்கே அவளுக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதில் தராசு டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறான். சுருள் அவளோடு பேசுகிறான், வேலை விஷயம் மட்டும். பழைய கேலி இல்லை. ஒருமுறை வயர்லெஸில், "பம்பரம், கேக்குதா?" என்று கூப்பிட்டுவிட்டு, சட்டென்று அவளுடைய வயர்லெஸ் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டான்.

தீர்ப்பு வந்த மறுவாரம் அவள் கிழக்குச் சரிவுக்குப் போனாள். நான்கு வீடுகளும் புதிதாகக் கட்டி, அவையும் பழசாகிக்கொண்டிருந்தன. முதல் வீட்டுக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது வீட்டில் பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீடு கைமாறியிருந்தது. இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நான்காவது வீட்டின் கேட்டருகே போய் நின்றாள். உள்ளே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அந்தத் தாய்தான். அவள் திரும்பிப் பார்த்து, "யாரு வேணும்?" என்றாள்.

"உங்களைத்தான்," என்றாள் இவள். "கொஞ்சம் பேசணும்."

"உள்ள வந்து உக்காருங்களேன்."

உட்கார்ந்தாள்.